‘நண்பர்கள்தானா?’: அரைமணி நேரக் கொரியக் காதல் படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரியத் தொடர் பார்க்கிற சிநேகிதர்களிடம் இந்தப் படத்தின் பேரைச் சொன்னாலே போதும், கேள்வி மேல் கேள்வி வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். கதையின் முடிவை மட்டும் சொல்லவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

எந்தப் படம் இது?

கொரிய மொழியில் ‘சிங்குசாய்?’ என்று பேர். 2009 டிசம்பரில் வந்தது. இயக்கியவர் கிம் ஜோ குவாங் சூ. ஆங்கிலத்தில் ‘ஜஸ்ட் பிரெண்ட்ஸ்?’ என்று போட்டிருப்பார்கள். தேடும்போது கேள்விக்குறியோடு சேர்த்துத் தேடுங்கள். இல்லையென்றால் 2005-ல் வந்த ஒரு ஹாலிவுட் நகைச்சுவைப் படம்தான் வந்து நிற்கும்.

தொடரா, படமா?

குறும்படம். ஏறக்குறைய அரைமணி நேரம். ஒரே மூச்சில் பார்த்துவிடலாம்.

கதை என்ன?

மின் சூ கட்டாய ராணுவ சேவையில் இருக்கிறான். அவனைப் பார்க்க அவனுடைய காதலன் சொகி கிளம்பிப் போகிறான். மாதக்கணக்கில் பார்க்காத இருவர், கையில் கிடைத்திருப்பதோ கொஞ்ச நேரம். அதைத் தனியாகக் கழிக்கலாம் என்று ஆசையோடு இருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் மின் சூவின் அம்மா வந்து நிற்கிறார். மகனைப் பார்க்கத்தான் அவரும் வந்திருக்கிறார். பக்கத்தில் நிற்கும் பையன் யார்? “நண்பன்.” வேறு என்ன சொல்ல முடியும்?

இவ்வளவுதான் கதை. ஒரு சின்னப் பொய், அந்தப் பொய்க்குள் மூன்று பேர். அம்மாவுக்குத் தெரிந்துவிடுமா என்கிற படபடப்பும் இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. பிரிந்திருந்த இருவர் பக்கத்தில் பக்கத்தில் வந்த பிறகும் பிரிந்தே இருக்கிறார்கள்.

தலைப்பில் கேள்விக்குறி எதற்கு?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்குக் குஷியாகிவிடும்.

‘சிங்கு’ என்றால் நண்பன் அல்லது தோழி. தொடர் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ‘சாய்’ கொஞ்சம் விசேஷமான சொல். இரண்டு பொருள்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளிக்கும் ‘சாய்’தான், இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிற உறவுக்கும் அதே ‘சாய்’தான். “உங்களுக்குள் என்ன உறவு?” என்று கேட்கும்போது கொரியர்கள் “உங்களுக்கு இடையில் என்ன?” என்றுதான் கேட்கிறார்கள். ஆக ‘சிங்குசாய்’ என்பதை ‘நண்பர்களுக்குள் இருக்கிற உறவு’ என்றும் வாசிக்கலாம், ‘நண்பர்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளி’ என்றும் வாசிக்கலாம். பிரிவைப் பற்றிய கதைக்கு இதைவிடப் பொருத்தமான பேர் தேடினாலும் கிடைக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. காதலனை ‘நம்ஜா சிங்கு’ என்பார்கள், சுருக்கமாக ‘நம்சின்’. வார்த்தைக்கு வார்த்தை எடுத்தால் ஆண் நண்பன். ஒரு பெண் “இவர் என் நம்ஜா சிங்கு” என்றால் விஷயம் புரிந்துவிடும். ஒரு பையன் இன்னொரு பையனைக் காட்டி “சிங்கு” என்றால் யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவன் விழுங்கிக்கொண்டது ‘நம்ஜா’ என்கிற ஒரே ஒரு சொல்.

அப்புறம், ‘சிங்குசாய்’ என்பது கொரியாவில் தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்காக 1994 முதல் இயங்கிவரும் உரிமை அமைப்பின் பேரும்கூட. அந்த ஊர் ரசிகர்களில் விவரம் தெரிந்தவர்களுக்குத் தலைப்பைப் பார்த்ததுமே கதை பிடிபட்டிருக்கும்.

ராணுவத்துக்குப் போவது அப்படியென்ன பெரிய பிரிவு? எல்லாக் கொரியப் பையன்களும் போகிறார்கள்தானே?

போகிறார்கள். உடல்தகுதி உள்ள ஒவ்வொரு ஆணும் போயே ஆக வேண்டும், பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில். இப்போது தரைப்படையில் 18 மாதம், கடற்படையில் 20, விமானப்படையில் 21. படம் வந்த காலத்தில் இதைவிட நீளம், ஏறக்குறைய இரண்டு வருஷம். இருபது வயதில் இரண்டு வருஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அந்த வயதில் இருப்பவர்களைக் கேளுங்கள்.

கொரியர்களுக்கு இது பழகிப்போன துயரம். அதனால் அதற்கென்று வார்த்தைகளே உண்டு. ராணுவத்தில் இருக்கிற காதலனுக்காகக் காத்திருக்கும் பெண்ணை ‘கோமுசின்’ என்பார்கள், அதாவது ரப்பர் செருப்பு. காத்திருக்க முடியாமல் வேறு ஆளைத் தேடிக்கொண்டால், ‘ரப்பர் செருப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்’ என்பது வழக்கு. காத்திருக்கும் பெண்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்ள இணையத்தில் தனிக் குழுக்கள் உண்டு. எத்தனை நாள் கழிந்தது, இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று கணக்குப் போட்டுச் சொல்கிற செயலிகளும் வந்துவிட்டன.

சொகிக்கு எந்தச் செருப்பு? காத்திருக்கிறவர்கள் என்று ஊர் போட்டு வைத்திருக்கும் கணக்கில் அவன் வரவே மாட்டான்.

போனில் பேசிக்கொள்ளலாமே?

இன்றைக்கு என்றால் பேசலாம். கொரிய ராணுவம் சிப்பாய்களுக்குக் கைபேசியை 2019-ல் சோதனையாக அனுமதித்து, 2020-ல் முறைப்படி அனுமதித்தது. அதுவும் வேலை முடிந்த பிறகு மாலையில் சில மணி நேரம், விடுமுறை நாளில் கூடுதலாகக் கொஞ்சம். 2009-ல் முகாமிலிருந்து வெளியே பேச வேண்டுமானால் பொதுத் தொலைபேசிதான். அடுத்தவன் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருக்க, என்னதான் பேசுவது? கடிதம் எழுதலாம். அல்லது ‘மியொன்ஹ்வே’, அதாவது நேரில் போய்ப் பார்ப்பது.

மியொன்ஹ்வே என்பது தனி உலகம். வடக்கு எல்லையை ஒட்டிய முகாம்களுக்கு சியோலிலிருந்து பேருந்து பிடித்துப் போக வேண்டும். வறுத்த கோழி, பீட்சா என்று முகாமுக்குள் கிடைக்காததையெல்லாம் சுமந்துகொண்டு அம்மாக்களும் காதலிகளும் போவார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் சிப்பாய்க்கு ஓர் இரவு வெளியே தங்க அனுமதி கிடைக்கும். அப்போதெல்லாம் முகாமைச் சுற்றி ஒரு எல்லை வகுத்து, அதைத் தாண்டக் கூடாது என்று விதியும் இருந்தது. அதனால் பக்கத்து ஊர் விடுதிகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் சிப்பாயும் சிப்பாயைப் பார்க்க வந்தவர்களும்தான் வியாபாரம். இதெல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தால், அம்மா வந்து நிற்கும்போது சொகியின் முகத்தில் விழுகிற நிழல் எவ்வளவு கனமானது என்று புரியும். திரும்ப எப்போது இப்படி ஒரு நாள் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

மற்ற காதலர்களுக்கும் இதே பிரிவுதானே? இவர்களுக்கு மட்டும் என்ன விசேஷம்?

முகாம் வாசலில் ஒரு படிவம் தருவார்கள். பார்க்க வந்தவர் பேர், பார்க்கப்பட வேண்டியவர் பேர், நடுவில் ‘உறவு’ என்று ஒரு கட்டம். அப்பா, அம்மா, தங்கை என்று எழுதுகிறவர்கள் யோசிக்க மாட்டார்கள். ஒரு பெண் ‘ஏயின்’ என்று எழுதிவிட்டுப் போவாள். காதலிக்கும் காதலனுக்கும் பொதுவான சொல் அது, ஆண் பெண் பேதம் கிடையாது. மொழி அவ்வளவு தாராளம். ஆனால் படிவத்தின் மேலே இரண்டு ஆண் பேர்கள் இருக்கும்போது அந்தச் சொல்லை யார் எழுதுவார்கள்? ‘நண்பன்’ என்றுதான் எழுத வேண்டும். இந்தப் படத்தின் தலைப்பு எனக்கு அந்தக் கட்டத்தைத்தான் ஞாபகப்படுத்துகிறது.

சட்டமும் இருக்கிறது. கொரிய ராணுவத் தண்டனைச் சட்டத்தின் 92-6 என்கிற பிரிவு, ராணுவத்தினர் இருவருக்கு இடையிலான தன்பாலுறவுக்கு இரண்டு வருஷம் வரை சிறை என்கிறது. சொகி ராணுவத்தில் இல்லை, எனவே அந்தப் பிரிவு இந்த ஜோடி மேல் நேராகப் பாயாது. ஆனால் மின் சூ திரும்பிப் போய்ப் படுக்கப் போவது அப்படியொரு சட்டம் இருக்கிற முகாமில்தான். இருவரும் சம்மதித்து, பணி நேரத்துக்கு வெளியே, தனியிடத்தில் இருந்தால் இந்தப் பிரிவில் தண்டிக்க முடியாது என்று கொரிய உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. சரி, இந்தப் பிரிவே போய்விடும் என்று பலர் நினைத்தார்கள். 2023 அக்டோபரில் அரசமைப்பு நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தப் பிரிவு செல்லும் என்று சொல்லிவிட்டது.

அம்மாதான் வில்லியா?

இல்லை. பாவம், அவர் மகனுக்குச் சோறு போட வந்தவர். வில்லி என்று யாரும் இல்லாததுதான் இந்தப் படத்தின் கஷ்டம்.

நடித்தவர்கள் யார்? எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே?

பார்த்திருப்பீர்கள். சொகியாக வருபவர் லீ ஜே ஹூன். ‘சிக்னல்’ தொடரில் பழைய வாக்கி-டாக்கி வழியாக இறந்தகாலத்தோடு பேசிய அதே போலீஸ்காரர், ‘டாக்ஸி டிரைவர்’ நாயகர். அப்போது அவர் சின்ன பட்ஜெட் படங்களில் வாய்ப்புத் தேடிக்கொண்டிருந்த புதுமுகம். 2011-க்குப் பிறகுதான் ஊர் அறிந்த பேர் ஆனார். மின் சூவாக வருபவர் யோன் ஊ ஜின். தேடினால் சோ ஜி ஹூ என்ற பேரிலும் வரும், குழம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் அவர் வைத்திருந்த பேர் அது. ‘மேரேஜ் நாட் டேட்டிங்’, ‘குயின் ஃபார் செவன் டேஸ்’ பார்த்தவர்களுக்கு அறிமுகமான முகம்தான்.

இப்போது இரண்டு பேரும் முன்னணி நடிகர்கள். முகத்தில் இன்னும் பால் மணம் மாறாத வயதில் அவர்களைப் பார்ப்பது தனிச் சுகம். லீ ஜே ஹூனின் கண்களை மட்டும் கவனியுங்கள். அம்மா பேசும்போது பவ்யமாகத் தலையாட்டிக்கொண்டே அந்தக் கண்கள் வேறு பக்கம் அலையும்.

அவர்கள் நிஜத்திலும்…?

அடுத்த கேள்விக்குப் போவோம்.

குடும்பத்தோடு பார்க்கலாமா?

இந்தக் கேள்வியை வைத்து நான்கு வருஷம் வழக்கு நடந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா?

படம் வெளியாகும் முன் கொரியாவின் திரைப்படத் தரச்சான்று வாரியம் இதற்குப் பெரியவர்கள் மட்டும் பார்க்கலாம் என்ற சான்றிதழ் கொடுத்தது. உடல் தெரிவதும் தொடுவதும் நேரடியாகக் காட்டப்படுகின்றன, இளையவர்கள் பார்த்துவிட்டு அப்படியே செய்யக்கூடும் என்பது போன்ற காரணங்கள். படத்தைப் பார்த்தவர்கள் தலையைச் சொறிந்தார்கள். இதே அளவு முத்தத்தை ஒரு ஆணும் பெண்ணும் பரிமாறிக்கொள்ளும் படங்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் டிக்கெட் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இளையோருக்குத் தீங்கானவை என்ற அரசுப் பட்டியலில் இருந்து தன்பாலீர்ப்பை 2004-லேயே எடுத்துவிட்டார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் அதற்கு முந்திய வருஷம் பரிந்துரைத்ததன் பேரில் நடந்தது அது. பட்டியலில் இருந்து போனது அதிகாரிகள் மனத்திலிருந்து போகவில்லை.

தயாரிப்பு நிறுவனம் நீதிமன்றம் போனது. 2010-ல் நிர்வாக நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. வாரியம் மேல்முறையீடு செய்து 2011-ல் உயர் நீதிமன்றத்திலும் தோற்றது. அப்படியும் விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 நவம்பரில் அங்கேயும் தோற்றது. அரைமணி நேரப் படத்துக்கு நான்கு வருஷ வழக்கு. படத்தில் அம்மாவிடம் சொல்லாமல் மறைத்த ஒரு வார்த்தையை மூன்று நீதிமன்றங்களில் உரக்கப் பேச வேண்டியதாயிற்று.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். முத்தம் உண்டு, நெருக்கம் உண்டு. அதைத் தாண்டி ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டில் இதைப் பார்க்கலாமா என்பது உங்கள் வீட்டைப் பொறுத்தது. நான் முதல் தடவை காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தனியாகத்தான் பார்த்தேன்.

இயக்குநரைப் பற்றிச் சொல்லுங்கள்.

கிம் ஜோ குவாங் சூ 1965-ல் பிறந்தவர். ‘கிம்’ அப்பா வழிக் குடும்பப் பேர், ‘ஜோ’ அம்மா வழிப் பேர். இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்வது கொரியாவில் ஒரு கொள்கை நிலைப்பாடு. தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். முதலில் தயாரிப்பாளர், அப்புறம்தான் இயக்குநர். 2008-ல் ஒரு குறும்படம், 2009-ல் இது, 2012-ல் முழுநீளப் படம்.

இவருடைய சொந்தக் கதையில்தான் படத்தின் மீதிக் கதை இருக்கிறது. 2013 செப்டம்பர் 7 அன்று சியோலின் நடுவில் ஓடும் சொங்க்யேசொன் ஓடைக்கரையில், ஊரறியத் தன் துணைவர் கிம் சுங் ஹ்வானைக் கல்யாணம் செய்துகொண்டார். விழாவுக்கு நடுவில் ஒருவர் மேடையேறி மலத்தை வீசிக் கலாட்டா செய்தார். விழா நிற்கவில்லை. உச்ச நீதிமன்றத்தில் பட வழக்கில் ஜெயித்தது அதற்கு இரண்டே மாதம் கழித்து. அடுத்த மாதம், டிசம்பரில், திருமணத்தைப் பதிவு செய்யப் போனார்கள். சொதேமுன் வட்டார அலுவலகம் ஏற்றுக்கொள்ளவில்லை. வழக்குப் போட்டார்கள், 2016 மே மாதம் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. படிவத்தில் ‘உறவு’ என்ற கட்டத்துக்கு முகாம் வாசலில் மட்டும்தான் சிக்கல் என்று நினைத்தால் இல்லை, வட்டார அலுவலகத்திலும் அதே சிக்கல்தான்.

இப்போது அங்கே ஒரே பாலினத்தவர் இருவர் மணம் செய்துகொள்ள முடியுமா?

சட்டப்படி முடியாது. ஆனால் 2024 ஜூலை 18 அன்று ஒரு முக்கியமான தீர்ப்பு வந்தது. சேர்ந்து வாழும் ஒருபால் துணையையும் தேசிய மருத்துவக் காப்பீட்டில் சார்ந்திருப்பவராகச் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கல்யாணம் என்று ஒப்புக்கொள்ளாமலே, ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும் ‘இவர் உன் ஆள்தான்’ என்று ஒப்புக்கொண்ட மாதிரி.

இப்போது வரும் பி.எல். (பாய்ஸ் லவ்) தொடர்களுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

2020-க்குப் பிறகு கொரியாவில் பையன்கள் காதலிக்கும் குட்டித் தொடர்கள் வரிசையாக வரத் தொடங்கின. பத்துப் பதினைந்து நிமிட அத்தியாயங்கள், பளிச்சென்ற கல்லூரிகள், மழை, குடை. 2022-ல் ‘செமான்டிக் எரர்’ வந்தபோது பைத்தியமே பிடித்துவிட்டது. எனக்கும் பிடிக்கும், மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தொடர்கள் பலவற்றில் ஊர் என்று ஒன்றே இருக்காது. அம்மா வர மாட்டார், ராணுவம் வராது, படிவம் வராது. ‘சிங்குசாய்?’ படத்தில் இவைதான் கதையே.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ‘செமான்டிக் எரர்’ நாயகர்களில் ஒருவரான பாக் சோ ஹாம், தொடர் ஓடிக்கொண்டிருந்த 2022 மார்ச்சிலேயே கட்டாய சேவைக்குப் போய்விட்டார். திரையில் வராத ராணுவம் நிஜத்தில் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது. அந்த மாதம் ரசிகைகள் எல்லோரும் ரப்பர் செருப்புதான்.

கிம் ஜோவும் அந்த அலையில் இறங்கி 2022 கடைசியில் ‘தி நியூ எம்ப்ளாயி’ என்று ஒரு அலுவலகக் காதல் தொடர் எடுத்தார். பார்க்கலாம், சுமார்.

குறையே இல்லையா?

இருக்கிறது. எல்லாவற்றையும் இனிப்பாகச் சொல்லிவிட வேண்டும் என்கிற அவசரம் கிம் ஜோவுக்கு உண்டு. தன்பாலீர்ப்பு என்றாலே அழுகையும் சாவும் என்று இருந்த காலத்தில் வெளிச்சமான படம் எடுக்க நினைத்தது நியாயம்தான். ஆனாலும் மின் சூ திரும்பிப் போகிற முகாமின் குளிர் நமக்குத் தட்டுவதே இல்லை. அம்மாவுக்கும் இன்னும் ஐந்து நிமிடம் கொடுத்திருக்கலாம். ஒரு தாய் ஒரே நாளில் எவ்வளவு தூரம் நடந்து வர முடியும் என்பது அரைமணி நேரத்தில் அடங்குகிற விஷயமில்லை.

அழுகைப் படமா? முடிவு சோகமா?

சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கைக்குட்டை தேவைப்படாது, அவ்வளவுதான்.

பார்ப்பதற்கு முன் ஏதாவது கொரியச் சொல் தெரிந்திருக்க வேண்டுமா?

‘சிங்கு’ தெரிந்துவிட்டது. இன்னொரு சொல் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கொரியாவில் பிள்ளைகள் அம்மாவைக் கூப்பிடுவது ‘ஒம்மா’ என்று. திரையின் அடியில் ஓடும் எழுத்தைப் பார்க்கவே வேண்டாம்.